மேல்மலையில பூண்டு எடுப்பு: எப்ப பிடுங்கணும், வீட்டுல யார் யாருக்கு என்ன வேலை

தம்பி, கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து மலைப்பூண்டு போடப் போறேன், எப்ப எடுக்கணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, எடுப்பு சமயத்துல ஒரு சின்ன குடும்பத்துக்கு அன்றாட வேலை எப்படி ஓடும், வெளியாள் வைக்கணுமானு கேட்டிருக்கீங்க. எங்க வீட்டுல ரெண்டு தலைமுறையா பூண்டு போடுறோம், அதை வச்சு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு. நீங்க நினைக்கிற மாதிரி பூண்டு எடுப்புங்கறது ஒரு நாள் ரெண்டு நாள் வேலை இல்ல. பிடுங்குறது அதுல சின்ன பங்குதான். தண்ணி நிறுத்துறதுல ஆரம்பிச்சு, காயவச்சு, கட்டி, பரண்ல தொங்கவிட்டு, விதைக்குன்னு பிரிச்சு, மீதிய சந்தைக்கு ஏத்துற வரைக்கும் எல்லாமே எடுப்புதான். இதுல லாபம் எங்க இருக்குன்னு என்னைக் கேட்டா விளைச்சல்ல இல்லம்பேன். ஒரே மாதிரி விளைஞ்ச ரெண்டு காட்டுல ஒருத்தர் எடுத்த வாரமே பச்சையா தள்ளிட்டு கையக் கடிச்சுக்கிட்டு நிப்பார், இன்னொருத்தர் காயவச்சு வீட்டுல தொங்கவிட்டு விலை பார்த்து கொடுத்து கடனை அடைச்சுடுவார். பெரிய பண்ணைக்காரங்களால செய்ய முடியாததை சின்ன குடும்பம் செய்யறது இந்த இடத்துலதான், ஏன்னா இது முழுக்க கை வேலை, அதுவும் ராத்திரி பகல்னு பாக்காம சிறுகச் சிறுக செய்யற வேலை.

மேல்மலைன்னா பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கூக்கால் இந்தப் பக்கம். (பூண்டிங்கற பேர்லயே ஊர் இருக்கு, பூண்டு விளையுற ஊர்தான், பேர் அதனால வந்துச்சான்னு என்கிட்ட கேக்காதீங்க.) இங்க வருஷத்துக்கு ரெண்டு போகம் போடலாம், மே மாசம் வாக்குல ஒண்ணு, நவம்பர் வாக்குல ஒண்ணு. ரகம் ரெண்டுதான் பெரும்பாலும் பேச்சுல இருக்கும், சிங்கப்பூர் பூண்டு, மேட்டுப்பாளையம் பூண்டு. சிங்கப்பூர் ரகம் 120 நாள்ல இருந்து 130 நாளுக்குள்ள வந்துடும். அப்ப கணக்கு போட்டுப் பாருங்க, மேயில போட்டது செப்டம்பர்ல வரும், நவம்பர்ல போட்டது மார்ச்ல வரும். புதுசா வர்றவங்க இதைத்தான் யோசிக்கிறதே இல்ல. மார்ச்ல எடுக்குறது சுகம், வானம் வெறிச்சு இருக்கும், காத்து காய்ஞ்சிருக்கும். செப்டம்பர்ல எடுக்குறது வானத்தோட மல்லுக்கட்டு, தள்ளிப்போய் அக்டோபர் ஆயிட்டா வடகிழக்குப் பருவமழை தலைக்கு மேல வந்து நிக்கும். நவம்பர் போகத்துக்கு வேற தொல்லை இருக்கு, டிசம்பர் ஜனவரில உறைபனி விழும், ஆனா அது கேரட் உருளை பீன்ஸ வாட்டுற அளவுக்கு பூண்ட வாட்டாது. பூண்டுக்கு குளிர் வேணும், குளிர் பத்தலைன்னா பல் பிரியாம ஒத்தைப் பல்லா உருண்டையா நின்னுடும். அதனால முதல் தடவை போடுறதா இருந்தா நவம்பர்ல போடுங்க, அது என் கருத்து, எங்க பக்கத்துலயே மே போகம்தான் நல்லதுன்னு சொல்றவங்களும் உண்டு.

இனி எப்ப எடுக்கணும்ங்கற விஷயம். நாள் கணக்க காலண்டர்ல குறிச்சு வச்சுக்கங்க, ஆனா அதை நம்பி பிடுங்காதீங்க. தாளைப் பாருங்க, அதாவது பூண்டு இலைய. அடித்தாள் ஒவ்வொண்ணா மஞ்சளாகி காய ஆரம்பிக்கும், நுனி கருகும், கழுத்துல விரல் வச்சு அமுக்கினா விறைப்பு போய் தொளதொளன்னு இருக்கும், அங்கங்க தாள் தானா சாய ஆரம்பிக்கும். கீழ்ப்பாதி தாள் காய்ஞ்சு மேல நாலஞ்சு தாள் இன்னும் பச்சையா இருக்கற நேரம்தான் சரியான நேரம். ஏன் முழுசா காயுற வரைக்கும் விடக்கூடாதுன்னா, பூண்ட சுத்தி இருக்கற ஒவ்வொரு தோலும் மேல இருக்கற ஒவ்வொரு தாளோட அடிப்பாகம். மேல தாள் செத்தா கீழ தோல் மண்ணுக்குள்ளயே மக்க ஆரம்பிக்கும். எல்லா தாளும் காயுற வரைக்கும் விட்டீங்கன்னா தோல் இல்லாம பல் பல்லா பிரிஞ்சு மண்ணுக்குள்ள கிடக்கும், அதை சந்தையில ஒருத்தனும் தொடமாட்டான். அவசரப்பட்டு முன்னாடியே எடுத்தா தோல் மெலிசா இருக்கும், காயக்காய பல் சுருங்கி, மூணு மாசத்துல தொட்டா காத்து மாதிரி ஆயிடும்.

சந்தேகமா இருந்தா காட்டுல மேல ஒரு இடம், நடுவுல ஒரு இடம், கீழ தண்ணி தேங்குற மூலையில ஒரு இடம்னு ஒண்ணு ரெண்டு பிடுங்கி குறுக்கால வெட்டிப் பாருங்க. பல் ஒவ்வொண்ணும் நடுத்தண்டுல இருந்து விலகி தனித்தனியா திரண்டு இருக்கணும், பல்லுக்கு மேல இருக்கற சின்னத் தோல் நகத்தால கிள்ளினா தனியா உரியணும். தோலும் சதையும் ஒட்டிக்கிட்டு வெங்காயம் மாதிரி ஈரமா வந்தா இன்னும் ஒரு வாரம் பத்து நாள் விடலாம். எங்கம்மா வெட்டியெல்லாம் பாக்கமாட்டாங்க, கழுத்த ரெண்டு விரலால திருகிப் பாத்துட்டு "செவ்வாக்கிழமை எடுத்துரலாம்டா"ம்பாங்க, அது அவங்களுக்கு சரியா வரும், நாம வெட்டித்தான் பாக்கணும்.

தண்ணிய எடுப்புக்கு பத்துப் பதினஞ்சு நாள் முன்னாடியே நிறுத்திடணும். இதை நிறைய பேர் செய்யறதில்ல, கடைசி நேரத்துல தண்ணி விட்டா காய் பெருக்கும்னு ஒரு ஆசை. பெருக்காது, வெடிக்கும். கடைசி மாசத்துல யூரியா போடுறதும் அப்படித்தான், தாள் செழிப்பா பச்சையா நிக்கும், கீழ பல்லுல இருந்து பக்கத்து முளை கிளம்பி பூண்டு கோணல்மாணலா ஆயிடும். உரம் எல்லாம் முன்பாதியோட முடிச்சுக்கணும்.

பிடுங்குற அன்னைக்கு என்ன நடக்கும்னு சொல்றேன். காலையில சீக்கிரம் காட்டுக்கு போய் பிரயோஜனம் இல்ல, தாள் எல்லாம் பனியில நனைஞ்சு கிடக்கும், ஈரத்தோட பிடுங்கினா மண்ணு அப்பிக்கிட்டு காயாது. அதனால காலையில வீட்டு வேலை. மாட்டுக்கு தீனி, பால் கறக்குறது, பிள்ளைகள பள்ளிக்கூடத்துக்கு கிளப்புறது, மதியச் சோறு ஆக்கி தூக்குல எடுத்து வைக்கிறது, இதெல்லாம் வீட்டுப் பொம்பளைங்க தலையிலதான் விழும், அதை முடிச்சுட்டுதான் அவங்களும் காட்டுக்கு வர்றாங்க. ஆம்பளைங்க அந்த நேரத்துல ராத்திரி காட்டுமாடு எதுவும் இறங்கி மிதிச்சிருக்கான்னு ஒரு சுத்து பாத்துட்டு வருவாங்க. காட்டுமாடு பூண்ட திங்கற சோலி குறைவு, ஆனா அது நடந்து போனாலே போதும், பாத்தி போச்சு. ஒரு ஒன்பது ஒன்பதரைக்கு வெயில் ஏறி பனி ஆவியானதும் எல்லாரும் பாத்தியில உட்கார்ந்துடுவாங்க.

ஒருத்தர் கொத்துக் கருவிய செடிக்கு கொஞ்சம் தள்ளி சாய்வா இறக்கி மண்ண நெம்பிவிட்டுக்கிட்டே போகணும், பின்னாடி ரெண்டு பேர் கழுத்தோட அடியில பிடிச்சு மேல தூக்கணும். மண்ண நெம்பாம தாள பிடிச்சு இழுத்தா கழுத்து அறுந்து கையோட வந்துடும், கழுத்தறுந்த பூண்ட கட்டவும் முடியாது, தொங்கவிடவும் முடியாது. எடுத்ததும் மண்ணு போக கொத்துக்கட்டையில தட்டுற பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க, அடி வெளிய தெரியாது, ரெண்டு மாசம் கழிச்சு அந்த இடத்துல பழுப்பா அழுகும். கையால லேசா உதிர்த்தா போதும், மீதி மண்ணு காய்ஞ்சதும் தானா கொட்டும். கழுவவே கூடாது. எடுத்தத பாத்தியிலயே வரிசையா படுக்கவச்சு, அடுத்த வரிசையோட தாள் முந்தின வரிசைப் பூண்டு மேல விழுற மாதிரி போட்டுக்கிட்டே வரணும். அப்பதான் வெயில் பூண்டு மேல நேரா படாது. மலை வெயில் சில்லுன்னு இருக்கற மாதிரி தோணும், ஆனா நேரா பட்டா பல் வெந்து கண்ணாடி மாதிரி ஆயிடும்.

மதியம் ரெண்டு மூணு மணிக்கெல்லாம் மேகம் இறங்க ஆரம்பிச்சுடும், அதுக்குள்ள எடுத்ததெல்லாம் வாரி மூடியாகணும். ரோடு பக்கம் காடு இருந்தா வண்டி வரும், சரிவுல இருந்தா குதிரைதான், இல்லைன்னா தலைச்சுமை. குத்தகைக்கு இடம் பாக்கும்போது இதையும் பாத்துக்கங்க, தண்ணி இருக்கா, மண்ணு எப்படின்னு எல்லாரும் கேப்பாங்க, விளைஞ்சத மேல ஏத்துறதுக்கு வழி இருக்கான்னு யாரும் கேக்கமாட்டாங்க.

ஆள் விஷயம். எங்க பக்கம் மாத்தாள் வழக்கம் இன்னும் முழுசா அழியல, இன்னைக்கு அவங்க நம்ம காட்டுக்கு, நாளைக்கு நாம அவங்க காட்டுக்கு. நீங்க புது ஆள், அது உடனே கிடைக்காது, ஊர்ல நாலு வீட்டு காட்டுக்கு முதல்ல போய் நீங்க கை குடுத்தாதான் உங்க காட்டுக்கு ஆள் வரும். கூலிக்கு ஆள் வச்சா பிடுங்குறதுக்கு மட்டும் வைங்க, காயவைக்கிறது, கட்டுறது, தரம் பிரிக்கிறதெல்லாம் கூலிக்கு விட்டா கட்டுப்படியாகாது, அந்த வேலையில அவசரப்பட்டாலும் நஷ்டம்.

இப்ப வீட்டுக்குள்ள வருவோம், இதுதான் முக்கியம். வீட்டுக்கு வந்த பூண்டு நிழல்ல காத்தோட்டமா ஒரு வாரம் பத்து நாள் கிடக்கணும், கழுத்து முழுசா காய்ஞ்சு சுருங்கணும். கழுத்துல ஈரம் இருந்தா அது வழியாதான் பூசணம் உள்ள இறங்கும். திண்ணை, வாசல், மாட்டுக்கொட்டகை மூலை, பிள்ளைங்க படுக்கற இடம்னு எல்லா இடத்துலயும் பூண்டுதான், அந்த ரெண்டு மூணு வாரத்துக்கு விருந்தாளி வராம இருந்தா புண்ணியம். அப்புறம் ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் கட்டுற வேலை. தாள் மொறமொறன்னு காயுறதுக்கு முன்னாடி, கொஞ்சம் வளையுற பதத்துல இருக்கும்போதே கட்டிடணும். ஒரு கைப்பிடி செடிய சேர்த்துப் பிடிச்சு, அதுலயே நீளமான ரெண்டு தாள உருவி முறுக்கி கழுத்த சுத்தி ஒரு முடிச்சு, அப்படி ரெண்டு கைப்பிடிய ஒண்ணா சேர்த்து இன்னொரு முடிச்சு, அப்பதான் கம்புல ரெண்டு பக்கமும் சமமா தொங்கும். இதுல வயசானவங்க வேகத்த நாம எட்டவே முடியாது. பேசிக்கிட்டே, டிவி பாத்துக்கிட்டே, கண்ணு கையப் பாக்காம முடிச்சு விழுந்துக்கிட்டே இருக்கும். விரல் நுனி எல்லாம் எரியும், தோல் உரியும், வாசம் ஒரு மாசத்துக்கு போகாது, எலுமிச்சை தேச்சாலும் சரி என்ன தேச்சாலும் சரி.

கட்டினத அடுப்படிக்கு மேல விட்டத்துலயோ பரண்லயோ குறுக்குக் கம்பு போட்டு தொங்கவிடுவோம். விறகடுப்பு புகை தினமும் பட்டுக்கிட்டே இருக்கும், பூச்சி அண்டாது, பூசணம் பிடிக்காது, சரியா காய்ஞ்ச மலைப்பூண்டு இப்படி ஒரு வருஷம் வரைக்கும் தாங்கும். புகைதான் காக்குதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, எனக்கு என்னமோ பாதி வேலை புகை செய்யறதில்ல, சூடு செய்யுதுன்னு தோணுது. பூண்டு நல்ல கதகதப்பான இடத்துலயும் முளைக்காம தூங்கும், ஐஸ் மாதிரி குளிர்லயும் தூங்கும், ரெண்டுக்கும் நடுவுல ஈரக்குளிர்ல வச்சாதான் முளைக்கத் தொடங்கும். ஃபிரிட்ஜ்ல வச்ச பூண்டு பச்சை முளை விடுறத நீங்களே பாத்திருப்பீங்க. எங்க ஊர் வீட்டுக்குள்ள வெறும் தரையில வச்சா அந்த நடுக்குளிர்தான், அடுப்புக்கு மேல வச்சா அந்த ஒரு மூலை மட்டும் காய்ஞ்சு கதகதன்னு இருக்கும்.

இப்ப அதுலதான் சிக்கல். வீட்டுக்கு வீடு கேஸ் வந்தாச்சு. நல்ல விஷயம்தான், எங்கம்மா இருமி இருமி சமைச்சத பாத்தவன் நான், அந்த புகை வேணும்னு சொல்லமாட்டேன். ஆனா புது காங்கிரீட் வீட்டுல பரணும் இல்ல விட்டமும் இல்ல, பூண்ட எங்க தொங்கவிடுறது? நிறைய பேர் இடமில்லாமதான் உடனே விக்கிறாங்க, விலை கட்டுதோ இல்லையோ. சில வீட்டுல பழைய அடுப்படிய இடிக்காம பூண்டுக்குன்னே விட்டு வச்சு, வெந்நீர் போடவும் மாட்டுக்கு காய்ச்சவும் அங்க விறகு எரிக்கிறாங்க. நீங்க குத்தகை எடுக்கும்போது காட்டோட சேர்த்து ஒரு பழைய ஓட்டு வீடோ தகரக் கொட்டகையோ கிடைக்குமான்னு கேளுங்க. அது இல்லைன்னா ஒன்றரை ஏக்கர் பூண்ட வச்சுக்கிட்டு என்ன செய்வீங்கன்னு எனக்குப் புரியல.

விக்கிறதுக்கு எங்க பக்கத்துக்கு பெரியகுளம் கிட்ட இருக்கற வடுகபட்டி சந்தைதான், வியாழன் ஞாயிறு கூடும். நீலகிரிப் பூண்டு மேட்டுப்பாளையம் ஏலத்துக்கு போகும், அங்க வட மாநில வியாபாரிங்க விதைக்குன்னே வந்து வாங்குவாங்க, அதனால விதைப் பருவத்துல அங்க விலை எகிறும். வடுகபட்டியில மலைப்பூண்டோட ஹிமாச்சல் பூண்டும் வரும், பாக்கறதுக்கு நல்லா பெருசா இருக்கும், சில்லறைக் கடைக்குப் போனதும் அதுவும் மலைப்பூண்டு ஆயிடும். ஹிமாச்சலும் மலைதானேன்னு கடைக்காரர் சிரிப்பார், என்ன சொல்றது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது, பெருமைதான், ஆனா வாங்குறவங்க பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சாதானே அதுக்கு விலை. பல் சின்னதா, லேசா செவந்த தோலோட, நசுக்கினா கண்ணுல ஏறுற காரம் இருக்கும், வாசம்தான் அடையாளம். பிள்ளை பெத்த வீட்டுக்கு இதைத்தான் தேடி வாங்குவாங்க, பூண்டுப் பால், லேகியம்னு. அந்த மாதிரி தெரிஞ்ச வீடுகளுக்கு நேரா கொடுக்க முடிஞ்சா சந்தைய விட நல்ல விலை நிக்கும், ஆனா ஒரு பொய்ப் பல் கலந்தாலும் அடுத்த வருஷம் கேக்கமாட்டாங்க.

விலைய நம்பி மட்டும் இறங்காதீங்க. 2022ல மத்தியப் பிரதேசத்துல விலை விழுந்து விவசாயிங்க பூண்ட கொட்டினாங்க, 2024 ஆரம்பத்துல நம்ம ஊர் கடையில கிலோ 400 ரூபாய தாண்டிச்சு. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டே வருஷம். நாட்டுல அதிகமா விளையுறது மத்தியப் பிரதேசத்துலதான், அங்க என்ன ஆகுதோ அதுதான் இங்க விலை. அந்த ஏத்த இறக்கத்த தாங்குறதுக்குதான் பரண் வேணும்னு இவ்வளவு நேரம் சொன்னேன்.

விதை பத்தி நீங்க கேக்கல, ஆனா அதையும் எடுப்பு சமயத்துலதான் முடிவு பண்ணணும். ஒரு பல்லு ஒரு பூண்டு, அவ்வளவுதான், அதனால விதைச் செலவு பூண்டுல ரொம்ப அதிகம், ஏக்கருக்கு 200 கிலோவுக்கு மேல போகும். கட்டும்போதே பெருசா, கழுத்து இறுகி, அடி தட்டையா, கறை இல்லாம இருக்கறத விதைக்குன்னு தனிக் கட்டா கட்டி சமையலுக்கு கை போகாத மூலையில தொங்கவிடணும். இதுலதான் வீட்டுல சண்டை வரும், ஏன்னா நல்லத எல்லாம் விதைக்கு எடுத்துட்டா சந்தைக்கு சுமார்தான் மிஞ்சும், கடன்காரன் வாசல்ல நிக்கும்போது விதைக்கட்ட பாதுகாக்குறது லேசு இல்ல. புதுசா எடுத்த பூண்டு உடனே முளைக்காது, கொஞ்ச காலம் உறங்கும், அதனால எடுத்த கையோட நட நினைக்காதீங்க. வெளியில விதை வாங்குறதா இருந்தா உங்க காட்டுக்கு பக்கத்து ஊர்ல போன போகத்துல எடுத்தத கட்டோட வாங்குங்க, வட மாநில மலை ரகம் பெரும்பாலும் நீண்ட பகல் கேக்கும், நம்ம பக்கம் பகல் அவ்வளவு நீளாது, தாள் மட்டும் வளர்ந்து ஏமாத்தும். பூண்டு எடுத்த காட்டுல திரும்ப பூண்டோ வெங்காயமோ உடனே போடாதீங்க, பட்டாணி கேரட்டுனு மாத்திப் போடுங்க, அழுகல் நோயும் நூற்புழுவும் மண்ணுல தங்கிடும்.

கடைசியா ஒன்றரை ஏக்கர் பத்தி. வீட்டுல வேலைக்கு எத்தனை கை இருக்குன்னு நீங்க சொல்லல. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் மட்டும்னா முதல் போகத்துக்கு இருபது சென்ட் போடுங்க, மீதில பட்டாணியோ பீன்ஸோ. இருபது சென்ட் பூண்ட ரெண்டு பேர் ராத்திரியில உட்கார்ந்து கட்டி முடிக்கலாம், ஒரு கொட்டகையில தொங்கவிடலாம், அதுல இருந்தே அடுத்த போகத்துக்கு விதையும் எடுத்துக்கலாம். நவம்பர்ல போடுறதா இருந்தா விதைக்கு ஆகஸ்ட் செப்டம்பர்லயே சொல்லி வச்சுடுங்க, தீபாவளிக்கு அப்புறம் தேடினா வியாபாரி கழிச்சுப் போட்டதுதான் கிடைக்கும்.